மூடாமல் விட்ட பொருத்துகள்

மச்சாள்,

ஒரு கிழமையாக வீடு முழுக்க வெட்டிய மண்ணின் வாசம். குசினிக்குள் நின்றாலும் மணக்கிறது. வளவின் பின்பக்கம் மகள் வீடு கட்டுகிறாள். அங்கே தண்ணீர்க் குழாய் கொண்டுபோகக் கிடங்கு வெட்டியிருக்கிறது. நூல் பிடித்து நேராக வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டி நக்கலடித்திருப்பீர்கள்.

விசுவமடுவில் எங்கள் ஒழுங்கைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்குக் கிட்னி பழுது, கிணற்றுத் தண்ணீரை வாயிலும் வைக்கக்கூடாது என்று டொக்டர் மறித்திருந்தார். குடிதண்ணீர்ப் பவுசர் லொறி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வீதியிலிருந்து வீடு வரைக்கும் கிடங்கு வெட்டிக் குழாய் போடுவது வீட்டுக்காரர் பாடு. ஆனால் மூடக்கூடாது. தண்ணீர்ச் சபை அலுவலர் வந்து ஆழத்தைப் பார்ப்பார், அடியில் மணல் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார், தண்ணீர் அடித்துப் பொருத்துகள் ஒழுகவில்லை என்று கண்டபிறகுதான் மண் போட விடுவார். அவர் சரியில்லை என்றுவிட்டால் மாரி முடிந்துதான் மறுபடி வருவார்கள். அதுவரைக்கும் நீங்கள் எதைக் குடிப்பது?

வெட்டியவர் என் மனுசன், உங்கள் தம்பி. நான் தேத்தண்ணி கொண்டுபோய்ப் பார்த்தால் ஆள் நெஞ்சளவு ஆழத்தில் நிற்கிறார். நடுவில் ‘ட’ மாதிரி ஒரு மடக்கு வேறு.

“எடேய், இது பைப்புக்கோ, பங்கருக்கோ?” என்றீர்கள்.

அவர் மண்வெட்டியையும் கிடங்கையும் மாறி மாறிப் பார்த்தார். “கை தன்ரபாட்டில வெட்டிப்போட்டுது அக்கா.”

வயிறு நோகச் சிரித்தோம். பிறகு நீங்கள் எழும்பி உள்ளே போய்விட்டீர்கள். அவர் மண்ணை அரைவாசி திரும்பப் போட்டு, மடக்கை நிமிர்த்தி, மணல் பரப்பிக் குழாயைப் போட்டார்.

அலுவலரோ நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். நீங்கள் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை.

“மூடுங்கோவன்,” என்றீர்கள்.

“மூடினாத் தண்ணி இல்லை மச்சாள். கொஞ்சம் பொறுங்கோ.”

“உனக்கென்ன, நீ கல்லு. எனக்குத் திறந்த கிடங்கைக் கண்டா, ஆரோ இறங்கு, இறங்கு எண்டு கத்துறமாதிரிக் கிடக்கு.”

எனக்கு மட்டும் மறக்குமா? சண்டைக்காலத்தில் உடையார்கட்டில், ஷெல்லடிக்குப் பதுங்க வெட்டிய எங்கள் பங்கர் மழைக்கு நிரம்பியபோது, சின்னப்பிள்ளையாய் இருந்த என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் விடியும்வரை நின்றவர் நீங்கள். ஆனாலும் கோபம் வந்துவிட்டது. “கிடங்குக்குப் பயந்து கிட்னியைக் குடுக்கப்போறியளோ?” என்று கத்தினேன்.

அடுத்தநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் கிடங்கின் முக்கால்வாசிக்கு மண் போட்டுவிட்டு, மூச்சுவாங்க நிற்கிறீர்கள். அட கடவுளே! என்று குழறிவிட்டேன்.

“ஏன் குழறுறாய்? பொருத்தெல்லாம் வடிவாத் தெரியுது பார். அந்தாள் பாக்கவேண்டியது அதைத்தானே? பொருத்துக்கும் பொருத்துக்கும் நடுவுக்கு மட்டும்தான் மண் போட்டனான். இப்ப மிச்சம் கிடக்கிறது வெறும் வாழை நடுற குழி.”

எல்லாம் போச்சு என்று ஒழுங்கைக்கே கேட்கப் பேசினேன். பின்னேரம் மழை பிடித்தது. சும்மா மழையா அது!

காலையில் போய்ப் பார்த்தால், பக்கத்து வளவுக் கிடங்கு வாய்க்காலாய் ஓடுகிறது. வெறும் குழாய் மிதந்து மேலே வந்து பொருத்து கழன்று கிடந்தது. எங்கள் குழாய் மண்ணின் பாரத்தில் அசையவே இல்லை. அன்றைக்கென்று அலுவலரும் வந்து சேர்ந்தார். குழிகளில் நின்ற தண்ணீரை இறைத்தோம். தடியை விட்டு ஆழம் பார்த்தார், மணலைக் கிளறிப் பார்த்தார், தண்ணீரை அடித்துவிட்டுப் பொருத்துப் பொருத்தாய்த் தடவினார். நான் வேண்டாத தெய்வமில்லை.

“ஒழுக்கு இல்லை. நடுவுக்கு மண் போட்டுப் பொருத்தைத் திறந்து விட்டது நல்ல வேலை. ஆர் அம்மா சொல்லித் தந்தது?”

“பயம்தான், தம்பி,” என்றீர்கள்.

அவரும் சிரித்துவிட்டார். “சரி, மூடுங்கோ.” அப்பாடா! நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன்.

அந்தத் தண்ணீரை முதன்முதலாகக் குடித்துவிட்டு, மருந்து மணக்குது என்று முகத்தைச் சுளித்தீர்கள். அதைக் குடித்துத்தான் டொக்டர் சொன்னதற்கு மேலால் சில வருடம் எங்களோடு இருந்தீர்கள். எனக்கு அது போதாதுதான். ஆனாலும் கிடைத்ததே.

ஒன்று சொல்லவேண்டும். நான் கல்லு இல்லை, மச்சாள். எனக்கும் அந்த நாட்களில் நெஞ்சு பக்கு பக்கென்றுதான் இருந்தது. நீங்கள் வாய்விட்டுச் சொன்னபடியால் நான் சொல்லத் தேவையில்லாமற் போயிற்று. இந்தக் கிடங்கில் முதல் வெட்டு விழுந்தபோது, இனி ஆர் எனக்கும் சேர்த்துப் பயப்படுவது என்று நானும் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். மகள் அதைக் கண்டுவிட்டாள்.

“அம்மா, மாமி செய்தமாதிரி நடுவுக்கு மண் போடச் சொல்லட்டோ?”

“மழை வந்தாப் போடச் சொல்லு பிள்ளை. எனக்காண்டி வேண்டாம்.”

மழை வரவில்லை. இன்று காலைதான் அலுவலர் வந்து பார்த்து, மூடச் சொன்னார். ஒரு கிழமையும் கிடங்கு திறந்தபடியே கிடந்தது. நான் நித்திரை கொண்டேன், மச்சாள்.