தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அப்புறம்

பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை. உங்கள் போனுக்கு இன்னும் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். நேற்று யாரோ அதில் கூப்பிட்டு மனை வாங்குகிறீர்களா என்று கேட்டார்கள். "அவுக இப்ப இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டு, வெகுநேரம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

குற்றாலத்தில் இந்தத் தடவை சாரல் பேருக்குத்தான். பேரருவியில் விழுகிற கொஞ்சம் தண்ணீருக்கு அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள். சீசனுக்குச் சீசன் நாம் மேஜை போட்டுப் புத்தகம் விற்ற இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அவர்களுக்கு வியாபாரம் பரவாயில்லை. நம் மேஜைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சிப்ஸ் கடை எங்கே இருக்கிறது என்று கேட்க வந்தவர்கள்தானே?

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இந்தக் கடிதத்தை அச்சில் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். நாம் நாலு பேர். கடையத்து ஹோமியோபதி டாக்டர் அறுநூறு பக்கத்துக்கு ஒரு சரித்திர நாவல் எழுதினார். அச்சன்புதூர் டீச்சர் பேய்க்கதைகள் எழுதினார். ஆலங்குளம் தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய நான், அங்கே நடந்த வேடிக்கைகளைப் புத்தகமாகப் போட்டேன். ராணுவத்திலிருந்து வந்து தென்காசியில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த நீங்கள், ஒரு துப்பறியும் நாவல் எழுதினீர்கள். 'ஒன்பதாம் நம்பர் சாவி'. எல்லாம் அவரவர் கைக்காசு. எந்தப் புத்தகத்துக்கும் நூலக ஆணை வரவில்லை, எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை.

அதனால் என்ன, நமக்கு நாமே இருந்தோம். டாக்டர் புத்தகத்தை டீச்சர் வெளியிட, நீங்கள் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வீர்கள். டீச்சர் புத்தகத்தை நான் வெளியிட, டாக்டர் பெற்றுக்கொள்வார். பொன்னாடைகூட ஒன்றேதான் நாலு விழாவுக்கும் சுற்றி வந்தது. உங்கள் புத்தகத்தின் முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டவன் நான். கல்யாண மண்டபத்து மாடியில் மைக்கைப் பிடித்து, "கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே ஒரே மூச்சில் படித்துவிட்டேன், கீழே வைக்க முடியவில்லை" என்று பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

அத்தான், உங்கள் கையெழுத்துப் பிரதி இரண்டு மாதம் என் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது. நான் கட்டைப் பிரிக்கவே இல்லை. அச்சாகி வந்த புத்தகத்தையும் திறக்கவில்லை. அட்டையில் இருந்த ரத்தக்கறை படிந்த சாவியைப் பார்த்து, இது வழக்கமான சமாச்சாரம் என்று முடிவு கட்டிவிட்டேன். நமக்குள் அதுதானே வழக்கம்? நல்லாயிருக்கு என்று சொல்வோம், காப்பி குடிப்போம், பஸ் பிடிப்போம். நீங்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ஒரு சாயங்காலம் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அக்கா கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே கேட்டீர்கள்.

"மாப்ளே, என் கதையில அந்த லாட்ஜ் மேனேஜர் கடைசில என்ன ஆனான்? ஞாபகம் இருக்கா?"

"தப்பிச்சிட்டாம்லா அத்தான். அருமையா முடிச்சிருந்திய."

"ம்" என்றீர்கள். பிறகு, "சரி மாப்ளே, நீ சாப்பிடப் போ. மணி ஆகுது" என்றீர்கள். அப்புறம் நம்மிடையே புத்தகப் பேச்சே வரவில்லை. நாலாம் நாள் நீங்கள் இல்லை.

அந்த "ம்" என்னை விடவில்லை. பதினாறு நாளும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவதைத் தவிர எனக்கு வேலை இல்லை. கடைசியாக உங்களிடம் சொன்ன பொய்யையாவது நிஜமாக்குவோம் என்று புத்தகத்தை எடுத்தேன். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜ். ஒன்பதாம் நம்பர் அறையில் ஒரு வெளியூர் வியாபாரி செத்துக் கிடக்கிறான். அறைச் சாவியைக் காணவில்லை. ஊரே மேனேஜரைச் சந்தேகப்படுகிறது. உண்மையைச் சொல்கிறேன், கீழே வைக்க முடியவில்லை. துக்க வீட்டில் உட்கார்ந்து மர்ம நாவல் படிக்கிறானே என்று உங்கள் பெரியப்பா மகன் முறைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று படித்தேன்.

தொண்ணூற்றாறாம் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்தது எண்பத்தொன்று. படித்த பதினாறு பக்கமும் மறுபடி அப்படியே வந்தது. அதற்கு அடுத்தது நூற்றுப் பதின்மூன்று. அதில் கதை சென்னைக்குப் போய்விட்டது. மேனேஜரைப் பற்றிப் பேச்சே இல்லை.

என் கையில் இருந்த பிரதியில் மட்டும் பைண்டிங் தப்பு என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. பத்துப் பிரதிகள் பார்த்தேன். அச்சகத்தில் பதினாறு பக்கம் கொண்ட ஒரு ஃபாரத்தை இரண்டு தடவை வைத்து, அடுத்த ஃபாரத்தை விட்டுவிட்டார்கள். முந்நூறு புத்தகத்திலும் நடுவில் பதினாறு பக்கம் இல்லை. நாலு வருஷமாக அது யாருக்கும் தெரியவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

"டாக்டர், அத்தான் நாவல்ல தொண்ணூத்தாறாம் பக்கத்துக்கு அப்புறம் என்ன வருது?"

"அங்கனதான் வேகம் பிடிக்குது அண்ணாச்சி. விறுவிறுன்னு போகும்லா."

டீச்சரிடம் நான் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வாங்குகிற தெம்பு எனக்கு இல்லை.

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது அத்தான். நல்லவேளை, இந்தத் தப்பு தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். அக்காவுக்கும் தெரிய வேண்டாம் என்று, எடுத்த புத்தகங்களை எடுத்த இடத்திலேயே அடுக்கினேன். அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் வாசலில் வந்து நின்றாள்.

"என்னலே, இப்பதான் படிக்கியா?"

என் கையில் புத்தகம் தொண்ணூற்றாறில் விரிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த உங்கள் ராணுவப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே சணலில் கட்டிய கட்டுகள். எல்லாம் அந்தப் பதினாறு பக்கம்.

"விழா முடிஞ்ச மறுநாளே பாத்துட்டாவ. அச்சாபீஸ்காரன் இத மட்டும் தனியா அடிச்சு அனுப்பிட்டான், ஒட்டிக் குடுங்கன்னான். நானும் சொன்னேன், வாங்குன வீட்டுக்கெல்லாம் கொண்டு குடுப்போம்னு. அவுக கேக்கல. படிக்கிறவன் தானா வந்து கேப்பான், வர்றவனுக்குக் குடுப்போம்னு சொல்லிட்டாவ. யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ."

"யாராவது கேட்டாங்களாக்கா?"

அவள் பெட்டிப் பக்கம் குனிந்தாள். மேலாக இருந்த ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதன் மேல் பென்சிலால் என் பெயர் எழுதியிருந்தது.

"ஒனக்குத்தாம்லே மொதல்ல எடுத்து வச்சாவ. மாப்ள நாளைக்கே ஓடி வருவான் பாருன்னாவ."

நாலு வருஷம் அத்தான். வாரத்தில் மூன்று நாள் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றேன். என் காலுக்கு அடியில் அந்தக் கவர் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டது ஞாபகத்தைச் சோதிக்க அல்ல. கடைசியாக ஒரு தடவை எனக்கு வாய்ப்புக் கொடுத்தீர்கள். "எனக்குத் தெரியல அத்தான், அந்தப் பக்கமே என் புத்தகத்துல இல்லையே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பீர்களோ?

பெட்டியில் எங்கள் மூன்று பேருடைய புத்தகங்களும் இருந்தன. மூன்றிலும் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. டாக்டரின் அறுநூறு பக்கமும் படித்திருக்கிறீர்கள். "மாப்ளே, நாப்பத்தி மூணாம் பக்கத்துல எழுதியிருக்கியே, அது நெசமா?" என்று ஒரு தடவை கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? கிண்டல் செய்கிறீர்கள் என்று சிரித்து மழுப்பினேன். கோப்பு தொலைந்ததற்குத் தாசில்தார் என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்ததை நான் வேடிக்கையாக எழுதிய பக்கம் அது. ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது: 'இவன் அன்று சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.' என் புத்தகத்தை இந்த உலகத்தில் ஒருத்தர் படித்திருக்கிறார். அதை அவர் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறேன்.

அந்தப் பதினாறு பக்கத்தைப் படித்துவிட்டேன். அதில் கொலையும் இல்லை, துப்பும் இல்லை. சீசன் முடிந்த லாட்ஜ். மேனேஜர் தனியாகப் போர்வைகளை மடித்து வைக்கிறான். வந்தவர்கள் விட்டுப்போன சீப்பு, துண்டு, குழந்தைச் செருப்பு எல்லாவற்றிலும் அறை எண்ணையும் தேதியையும் எழுதிக் கட்டி அலமாரியில் வைக்கிறான். போலீஸ் சந்தேகப்படுகிறது, ஊரை விட்டுப் போய்விடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாராவது திரும்பி வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா என்கிறான். இதை எழுதும்போது அச்சில் எந்தப் பக்கம் விட்டுப்போகும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்காது. ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது. புத்தகம் முழுக்க ஆட்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், இந்தப் பதினாறு பக்கத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். வங்கி வாசலில் அத்தனை வருஷம் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன் அத்தான். அவன் தப்பிக்கவில்லை. எங்கேயும் போகவில்லை. அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அங்கேயே இருந்தான்.

முதலில் கோபத்தில், கட்டுகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுக்கலாம் என்றுதான் கிளம்பினேன். அக்கா தடுத்தாள். "அவுகளே குடுக்கல. நீ குடுக்கவா?" என்றாள். அவள் சொன்னது சரி. கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கி ஃபிரிட்ஜின் மேல் வைப்பார்கள், என்னைப் போல.

அதனால் பெட்டியை என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். என் கவர் ஒன்று போக மற்றதெல்லாம் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுச் சிலர் புத்தகத்தைத் திறக்காமலே வந்து கேட்பார்கள், எனக்குத் தெரியும், நம் ஆட்கள் அல்லவா. தொண்ணூற்றாறாம் பக்கத்துக் கடைசி வரி என்ன என்று கேட்பேன். அதனால்தான் அதை இங்கே எழுதவில்லை.

யாரும் வராமலும் போகலாம். எனக்கும் அறுபத்தைந்து ஆகிறது. ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என்றைக்காவது ஒருத்தர் வந்து கதவைத் தட்டி, அந்த மேனேஜர் என்ன ஆனான் என்று கேட்டால், எடுத்துக் கொடுக்க நான் வீட்டில் இருப்பேன்.

நாலு வருஷம் தாமதமாக வந்து கேட்ட,
உங்கள் மச்சினன்