பெரிய மேசையின் கூடுதல் பலகை

நெப்ராஸ்கா,
நவம்பர் 4

அன்புள்ள நாடினுக்கு,

நீயும் டெஸ்ஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் வடிவகணிதம் நடத்தியவனுக்குப் பாடக்குறிப்பு எழுதாமல் எதையும் தொடங்க வராது. சிரித்துக்கொள். இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது:

1. வானிலை, என் உடல்நிலை.
2. உன் அண்ணி ஷெல்பியின் யோசனை.
3. எனக்குப் பிடித்த மூன்று நன்றி நாள்கள்: (அ) காகிதப் பொட்டலம், (ஆ) நீ பெரிய மேசைக்கு வந்தது, (இ) நீயும் டெஸ்ஸும் பிள்ளைகளோடு மகிழ்ச்சியாக உட்கார்ந்து சாப்பிட்டது.
4. டெஸ்ஸிடம் ஒரு வேண்டுகோள், தச்சு வேலை பற்றியது.

முதலாவது. சனிக்கிழமை முதல் பனி விழுந்தது, தங்கவில்லை. இடது முழங்கால் போன வருடம் இருந்தபடியே இருக்கிறது. மருத்துவர் நடக்கச் சொன்னார். தபால் நிலையம் வரை நடக்கிறேன்.

இரண்டாவது. இந்த நன்றி நாளுக்கு எல்லோரும் தங்களுக்குப் பிடித்த பழைய நன்றி நாள் ஒன்றை எழுதி வர வேண்டுமாம். பூசணி பை இனிப்பை வெட்டுவதற்கு முன் வாசிப்போம் என்கிறாள் ஷெல்பி. "மாமா, நீங்க மட்டும் பத்து பக்கம் எழுதிட்டு வந்துடாதீங்க, பை ஆறிப்போயிடும்" என்றாள். எழுதியதை முதலில் உனக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நீ ஆறு வருடமாக நன்றி நாளுக்கு வரவில்லை என்றாலும், மூன்று நினைவிலும் நீ இருக்கிறாய்.

மூன்றாவது, (அ). அப்போது உனக்கு ஏழு வயது. அம்மாவுக்குக் காய்ச்சல். வான்கோழியை நான் சமைப்பது என்று முடிவாயிற்று. காலை ஐந்தரையிலிருந்து ஒவ்வொரு கால்மணி நேரத்துக்கும் செய்ய வேண்டியதை எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். பறவையின் வயிற்றுக்குள் ஈரலையும் கழுத்தையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்திருப்பார்கள் என்பது மட்டும் என் பட்டியலில் இல்லை. அது உள்ளேயே நாலு மணி நேரம் வெந்தது. மேசையில் வைத்து நான் வெட்டியபோது நீதான் முதலில் பார்த்தாய். "அப்பா! வான்கோழி கையோட மத்தியானச் சாப்பாடு கட்டிக்கிட்டு வந்திருக்கு!" என்று கத்தினாய். உன் அண்ணன் கர்ட்டிஸுக்கு மூக்கு வழியாகப் பால் வந்துவிட்டது. படுக்கையறையிலிருந்து அம்மா, "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சிரிப்பில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

(ஆ). நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பதினாலு வயது ஆகும்வரை மடக்கு மேசை, அதன் பிறகு பெரிய மேசை. மடக்கு மேசைக்காரர்கள் முதலிலேயே சாப்பிடலாம், நன்றி சொல்லும் சுற்றில் அவர்களுக்கு முறை கிடையாது. பெரிய மேசையில் ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்கும் வரை யாரும் கரண்டியைத் தொடக்கூடாது. உனக்குப் பதினாலு ஆன வருடம் பெரிய மேசையில் இடம் இல்லை. நடுவில் செருகும் பலகையை அப்போதுதான் முதன்முதலாக வெளியே எடுத்தோம். நீ ஒரு முனையைப் பிடித்து இழுத்தாய், நான் மறுமுனையை இழுத்தேன், அம்மா பலகையை இறக்கினாள். உன் முறை வந்தபோது எழுந்து நின்றாய். வெர்னன் மாமா, "உட்கார்ந்தே சொல்லும்மா, இது கோர்ட் இல்ல" என்றார். நீ உட்காரவில்லை. "எனக்காக மேசை பெருசாச்சு. அதுக்கு நன்றி" என்றாய். அம்மா துடைக்கும் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வழக்கம்போலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(இ). ஆறு வருடத்துக்கு முன், நீ டெஸ்ஸை முதன்முறையாக அழைத்து வந்த நன்றி நாள். வரைபடத் தாளில் யார் எங்கே என்று நான் ஒரு வாரம் முன்பே குறித்திருந்தேன். பலகை வளைந்துவிட்டதால் பெரிய மேசையில் எட்டுப் பேர்தான் உட்கார முடிந்தது. அதனால் உங்கள் இருவருக்கும் கர்ட்டிஸின் பிள்ளைகளோடு மடக்கு மேசையில் இடம் போட்டேன். பலகை வளைந்திருக்கிறது என்று நான் சொன்னதும் டெஸ், "நான் பாத்துத் தரட்டுமா சார்? பத்து நிமிஷ வேலை" என்றாள். "வேண்டாம்மா, விருந்தாளி நீங்க" என்றேன். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. பிள்ளைகளின் கைகளைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து வான்கோழி வரைந்து கொடுத்தாள். "ஆட்டம் காணுது இந்த மேசைக் காலு, இதைச் சரிபண்ணவும் என்னை விட மாட்டாரா உங்க தாத்தா?" என்று கேட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய் என்றுதான் நினைவு. அம்மாகூட தன் தட்டை எடுத்துக்கொண்டு உங்கள் மேசைக்கே வந்துவிட்டாள், முழங்கால் இடிக்க இடிக்க.

இந்த வரியை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்தேன். அம்மா எழுந்து போன பிறகு பெரிய மேசையில் எனக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வெர்னன் மாமாவின் மகன் பனியால் வர முடியவில்லை என்று காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தான். அதுவும் காலி. இரண்டு நாற்காலிகள். எட்டில் இரண்டு போனால் ஆறு. இதைக் கணக்கிட வடிவகணிதம் தேவையில்லை.

நான்காவதுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். பலகை எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்து எழுதினால், டெஸ் பார்த்துவிட்டுச் சரிசெய்ய முடியுமா என்று சொல்வாள். அதுதான் என் வேண்டுகோள். நீங்கள் வருவதற்கு அது ஒரு காரணமாகவும் இருக்கும். இரும்பு அளவுகோலை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்து அலமாரிக்குப் போனேன்.

பலகை மேலங்கிகளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. எடுத்துப் படுக்க வைத்து அளவுகோலை நெடுக்கில் வைத்தேன், குறுக்கில் வைத்தேன், மூலைக்கு மூலை வைத்தேன். அளவுகோலுக்கு அடியில் ஒரு தாள்கூட நுழையவில்லை. தனியாகவே மேசையை இழுத்துத் திறந்து இறக்கினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, பலகை ஒத்துழைத்தது.

நாடின், அன்று நான் அந்தப் பலகையைப் பார்க்கவே இல்லை. வளைந்துவிட்டது என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு ஆறு வருடம் அதை நானே நம்பினேன்.

இன்னொன்றும் இன்றுதான் உறைத்தது. அன்று உள்ளே வந்ததும் டெஸ் தன் மேலங்கியைத் தானே கொண்டுபோய் அதே அலமாரியில் மாட்டினாள். மரத்தோடு பழகியவள். பலகை வளையவில்லை என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். தெரிந்தும், நான் பொய்யிலிருந்து இறங்கிவர எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று நீ கேட்டதில்லை. சொல்கிறேன். பெரிய மேசையில் உட்கார்ந்தால் உன் முறை வரும். நீ பதினாலு வயதில் செய்ததுபோல் எழுந்து நிற்பாய். டெஸ்ஸுக்காக நன்றி என்று சொல்வாய். வெர்னன் மாமா ஏதாவது சொல்லிவிடுவார் என்று பயந்தேன். மடக்கு மேசைக்கு முறை கிடையாது என்பது எனக்கு வசதியாக இருந்தது.

சற்று முன் வெர்னன் மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "லீலண்ட், நீயா போன் பண்ற? யாரு செத்தது?" என்றார். நாடினையும் அவளுடைய துணை டெஸ்ஸையும் பெரிய மேசைக்கு அழைக்கப்போகிறேன், உங்களுக்குச் சங்கடம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று எழுதிவைத்திருந்ததை வாசித்தேன். பிறகு, "அட மனுஷா, என் தங்கச்சி ஆர்டித் எனக்கு அவங்களப் பத்தி அந்த வருஷம் கோடையிலேயே சொல்லிட்டா. எனக்கு என்ன சங்கடம்? நீதான் அந்தப் பொண்ணுங்கள பசங்களோட உட்கார வச்ச. அவ தட்டைத் தூக்கிட்டு அவங்ககிட்ட போனா. நான் உன் மூஞ்சியப் பார்த்தேன், நீ உருளைக்கிழங்கப் பார்த்துக்கிட்டிருந்த" என்றார்.

அம்மா இருந்த வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இறந்தபோது நீங்கள் இருவரும் வந்து, இந்த வீட்டில் தங்காமல் நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் தங்கினீர்கள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஷெல்பியிடம் என் பக்கத்தைக் கொடுக்கும்போது (அ)வையும் (ஆ)வையும் கொடுப்பேன். இந்த வருடப் பெயர் அட்டைகளை எழுதிவிட்டேன். அன்று ஒரு அட்டையில் "நாடினின் தோழி" என்று எழுதியிருந்தேன். இன்று "டெஸ்" என்று எழுதியிருக்கிறேன். உன் அட்டையும் அவள் அட்டையும் பெரிய மேசையில், பலகை போட்ட இடத்தில், பக்கத்துப் பக்கத்தில். நீங்கள் வர முடியாமல் போனாலும் பலகையை எடுக்க மாட்டேன். வந்தால், சுற்று உன்னிடமிருந்து தொடங்கட்டும். நீ என்ன சொன்னாலும் நான் தட்டைப் பார்க்க மாட்டேன்.

இந்தக் கடிதத்தை வேறு தாளில் திருத்தி எழுத வேண்டும் என்று கை பரபரக்கிறது. எழுதினால் பயந்து பாதியை விட்டுவிடுவேன். அதனால் இப்படியே அனுப்புகிறேன், ஒரே ஒரு திருத்தத்துடன்: மேலே மூன்றில் (இ) தவறு. நீ அன்று சிரிக்கவில்லை.

உங்கள் இருவரையும் எதிர்பார்க்கும்,
அப்பா