பாலும் மீனும் ஒரே சட்டியில்

என் பிரியமான என்னங்க,

உங்கள் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடிதம் என்பதற்காக இப்போது புதிதாக ஆரம்பிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் 'என்னங்க' என்றே இருக்கட்டும்.

இங்கே வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கொல்லைக்குப் பின்னால் குறுவை நடவு முடிந்து தவளைகள் ராத்திரியெல்லாம் கத்துகின்றன. நித்யா வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வலங்கைமானுக்கு, நம் வீட்டுக்கே வந்திருக்கிறாள். ஆமாங்க, நீங்கள் தாத்தா ஆகப் போகிறீர்கள். இதை உங்கள் படத்துக்கு முன்னால் நின்றும் சொன்னேன், காதில் விழுந்ததா?

நல்ல சேதியைச் சொல்லியாயிற்று, இனி புகார். உங்கள் செல்ல மகள் சாப்பிடுவதே இல்லை. மூன்று மாதத்தில் மசக்கை போய்விடும் என்பார்கள், இவளுக்கு ஏழு தாண்டியும் விடவில்லை. சோற்றைப் பார்த்தாலே ஓங்கரிக்கிறாள். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, குழந்தை ரொம்பச் சின்னதாக இருக்கிறது, எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் தட்டும் கையுமாக அவள் முன்னால் போய் நின்றேன்.

"உனக்கு என்னதான்டி வேணும்? வாயைத் தொறந்து சொல்லு" என்று கத்தினேன்.

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா வெக்கிற சௌடர் வேணும்மா."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

கப்பல் சமையல் வேலையிலிருந்து லீவில் வந்தால் உங்களுக்கு மறுநாளே கை அரிக்கும். முதல் பஸ்ஸில் நாகப்பட்டினம் போய் இறாலும் நண்டும் கொடுவா மீனும் வாங்கி வந்து, என் அடுப்படியைப் பிடித்துக்கொள்வீர்கள். வெண்ணெயில் மைதாவைச் சிவக்காமல் வறுத்து, உருளைக்கிழங்கு போட்டு, பாலை ஊற்றி, கடைசியில் மீனையும் அதற்குள்ளேயே போடுவீர்கள். சௌடர் என்று அதற்கு ஒரு கப்பல்காரப் பெயர் வேறு. நான் வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு, இந்த அநியாயத்தை எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மீனும் பாலும் வயிற்றில் சேர்ந்தால் உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு வரும் என்று சொல்லியே வளர்க்கப்பட்டவள் நான். மீன் சமைத்த நாளில் எங்கள் வீட்டில் கடுங்காப்பிதான். நீங்களோ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு "ஒரே ஒரு வாய்" என்று கொல்லை வரைக்கும் என் பின்னாலேயே வருவீர்கள். "நீங்களும் உங்க மகளும் வெள்ளையாப் போங்க, என்னை ஆளை விடுங்க" என்பேன். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு திட்டும் வரவில்லை. வராதது உங்கள் ராசி, என் ராசிக்கு நிச்சயம் வரும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் உடம்பு என்றால் பரவாயில்லை. வயிற்றுப்பிள்ளை வெள்ளைப் புள்ளியோடு பிறந்தால்? சம்பந்தியம்மா முகத்தில் நான் எப்படி விழிப்பது? வெட்கத்தை விட்டு டாக்டரம்மாவிடமே போனில் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா. நல்லா வேகவெச்சுக் குடுங்க, அவ சாப்பிட்டாப் போதும்" என்று சிரித்தார். படித்தவர் சொன்னால் புத்தி கேட்கிறது, மனசு கேட்க வேண்டாமா?

மறுநாள் காலையில் நித்யா வெறும் தண்ணீரைக் குடித்து, அதையும் வாந்தி எடுத்தாள். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டாவது ஒன்றாவது என்று கூடையை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினம் பஸ் ஏறிவிட்டேன்.

சமைக்கத் தெரியாதவள் இல்லை நான். ஆனால் வாயில் வைத்தே பார்க்காத ஒன்றை எப்படிச் செய்வது? நீங்கள் செய்ததைக் கண்ணால் பார்த்ததுதான் எனக்குத் தெரிந்த பாடம். இறால் தோலை வேகவைத்து வடிகட்டினேன். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கினேன். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டியபோது கட்டி விழாமல் அழகாகத்தான் வந்தது. மீனைப் போட்டேன். மீன் வாசனை எழுந்ததும் என் கை பக்கத்தில் இருந்த கிண்ணத்தை எடுத்து அதில் ஊற்றிவிட்டது.

புளித்தண்ணீர்! வீட்டுக்குள் மீன் வந்தால் முதல் வேலையாகப் புளியை ஊறவைக்கிற கை இது. அன்றைக்கும் என்னைக் கேட்காமலே ஊறவைத்துக் கரைத்திருக்கிறது. சட்டியில் பால் திரிந்து திப்பி திப்பியாக மிதந்தது. நான் போட்ட சத்தத்தில் நித்யா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, சௌடர் கேட்டா பன்னீர் குழம்பு வெச்சிருக்க!"

அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே ஒரு சிரிப்பு! நீங்கள் போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன். நல்லவேளை, பாதி இறாலும் மீனும் எடுத்து வைத்திருந்தேன். மிச்சப் புளியை முதலில் கொல்லையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மறுபடி சட்டியை ஏற்றினேன்.

இந்த முறை ஒழுங்காக வந்தது. ஆனால் உப்புப் பார்க்க வேண்டுமே. மீன் குழம்பு என்றால் கொதிக்கிற வாசனையே எனக்கு உப்பைச் சொல்லிவிடும். இந்தச் சௌடர் எதையும் சொல்லாமல் தளதளவென்று கிடந்தது. அவளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். உப்புக் கூடியிருந்து, இருக்கிற ஒரே ஆசையும் விட்டுப் போய்விட்டால்? முருகா என்று உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்புச் சரியாக இருந்தது. இன்னொரு தடவையும் விட்டுப் பார்த்தேன், அது உப்புக்காக இல்லை.

நித்யா ஒரு கிண்ணம் குடித்தாள். வாந்தி வருமோ என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லைங்க. "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றாள்.

"அப்பா வெச்ச மாதிரியே இருக்கு. மிளகு, கறிவேப்பிலை எல்லாம் மறக்காமப் போட்டிருக்க."

"அவங்க போட்டதைப் பாத்துத்தானடி போட்டேன். கப்பல்ல அப்படித்தானே செய்வாங்க?"

"கப்பல்ல யாரும்மா கறிவேப்பிலை போடுவா? அது உனக்காகப் போட்டது. ஒவ்வொரு லீவுக்கும் மிளகைக் கூட்டிக்கிட்டே வந்தாங்க. காரம் தாங்காம எனக்கு மூக்கு ஒழுகும். 'உங்கம்மா என்னிக்காவது ஒரு நாள் வாயில வெப்பா, அன்னிக்குச் சப்புன்னு இருக்குன்னு சொல்லிடக் கூடாதுடா'ன்னு சொல்வாங்க."

ஏங்க, இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும் குடித்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஆனால் கொல்லை வரைக்கும் ஓடாமல், கொஞ்சம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் படுத்தபிறகு வாய்விட்டு அழுதேன். துக்கத்தில் மட்டும் அழுததாக நினைக்காதீர்கள், பெருமையும் இருந்தது.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் சௌடர்தான். போன வாரம் டாக்டரம்மா எடை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிள்ளை வயிற்றில் உதைக்கிற உதை வெளியே தெரிகிறது.

ஆவணியில் உங்கள் நினைவு நாள் வருகிறது. போன தடவை இலையில் மீன் குழம்பும் வறுவலும் வைத்தேன். இந்தத் தடவை சௌடர் வைக்கிறேன், காக்கை குடித்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி. படைத்து முடித்ததும் உங்கள் கிண்ணத்தை யாருக்கும் தர மாட்டேன். உங்கள் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து நானே குடிப்பேன், கடைசிச் சொட்டு வரைக்கும். இது சத்தியம்.

சப்பென்று இல்லைங்க. காரம் எனக்குச் சரியாக இருந்தது.

என்றும் உங்கள்
நித்யா அம்மா