காற்சட்டை போட்டு நின்ற புனிதவதி டீச்சருக்கு

அன்போடும், இத்தனை வயதாகியும் விட்டுப்போகாத கொஞ்சம் பயத்தோடும், என் புனிதவதி டீச்சருக்கு,

போன வெள்ளிக்கிழமை நம்முடைய பாடசாலையில் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். பேச வந்த ஒரு பெரிய மனிதர், நீங்கள் சிறுவயது முதலே கூடைப்பந்துக்காகவே வாழ்ந்தவர் என்றார். கூடைப்பந்து உங்கள் இரத்தத்தில் ஓடியதாம். எனக்குப் பக்கத்தில் இருந்த ரிஸ்வியா என் தொடையில் கிள்ளினாள். நான் இருமுவதுபோல நடித்துச் சிரிப்பை அடக்கினேன். உண்மையைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் இரத்தத்தில் ஓடியது கணிதம். யாரோ ஒரு பழைய மாணவியின் புண்ணியத்தில் பாடசாலைக்கு இரண்டு கூடைப்பந்துக் கம்பங்கள் வந்தன. அதிபர் ஆசிரியர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். எல்லாரிலும் உயரம் நீங்கள்தான். அவ்வளவுதான் நியமனம்.

அதன் பிறகு நீங்கள் செய்ததைத்தான் இன்றுவரை நினைத்து நினைத்துச் சிரிக்கிறோம். சாயங்காலம் ஆனால் ஓர் ஆண்கள் பாடசாலையின் மதிலோரம் போய்க் குடையோடு நிற்பீர்கள். பையன்கள் விளையாடுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான். அங்கிருந்த காவலாளி மூன்றாம் நாள் வந்து, எந்தப் பையன்மேல் முறைப்பாடு என்று கேட்டாராம். அதை நீங்களே வகுப்பில் சொன்னீர்கள், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

முதல் நாள் பயிற்சியில் "வெளிக்கிடுங்கோ பிள்ளையள்" என்றீர்கள். உங்கள் யாழ்ப்பாணத்தில் அதற்குத் தயாராகுங்கள் என்று அர்த்தம். நாங்கள் மஹய்யாவப் பக்கத்து மலையகப் பிள்ளைகள். வெளியே போகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தோம். ஐந்து பேரும் கேட்டைத் தாண்டி ரோட்டில் போய் வரிசையாக நின்றோம். நீங்கள் மைதானத்தில் தனியாக நின்று விசில் ஊதிக்கொண்டே இருந்தீர்கள்.

ஆமாம், ஐந்தே பேர். அணிக்கு ஐந்து பேர் வேண்டும், நாங்கள் சரியாக ஐந்து பேர் இருந்தோம். அதனால்தான் என் வீட்டுப் பிரச்சினை பெரிதாகிப்போனது.

போட்டிக்குக் காற்சட்டைதான் உடுப்பு என்று அறிவித்தார்கள். மடவளையிலிருந்து வந்த ரிஸ்வியாவின் வாப்பா கால்பந்துப் பைத்தியம். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் அப்பாதான் மாட்டேன் என்றார். நகரசபையில் வேலை செய்யும் மனிதர், ஊரெல்லாம் தெரிந்த முகம். தன் மகள் காற்சட்டையோடு நாலு பேர் முன்னால் ஓடினால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றார். நான் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா எனக்கும் சேர்த்து அழுதார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழையில் நீங்கள் வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தீர்கள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மழைக்கோட்டு. அப்பா பதறி எழுந்து, "வாங்க டீச்சர், ஒக்காருங்க" என்று இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டார். நீங்கள் உட்காரவில்லை. பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கோட்டை எடுத்துக் கதவில் மாட்டினீர்கள்.

உள்ளே அணியின் சட்டை. முழங்கால்வரை நீலக் காற்சட்டை. வெள்ளைக் காலுறை. தலையில் அதே கொண்டை, கண்ணில் அதே தடித்த கண்ணாடி. நாற்பது வயதைத் தாண்டிய கணித டீச்சர்.

அம்மா கையிலிருந்த தேத்தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

"வடிவாப் பாருங்கோ அண்ணை. இதில என்ன குறை?"

"ஒண்ணும் இல்லைங்க டீச்சர். கோட்டைப் போட்டுக்குங்க."

"நீங்கள் பாக்கேல்லையே."

"பாத்துட்டேங்க. போட்டுக்குங்க."

நீங்கள் அசையவில்லை. கடைசியில் அப்பா சீமெந்துத் தரையிடம் சொல்வதுபோல, டீச்சர் இதே உடுப்போடு போட்டியில் வந்து நின்றால் என் மகளும் நிற்கலாம் என்றார். எந்த டீச்சரும் அதற்குச் சம்மதிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் சொன்னது அது. நீங்கள் "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தீர்கள்.

போட்டியன்று அப்படியே வந்து நின்றீர்கள் டீச்சர். மற்ற அணிகளின் பயிற்றுவிப்பாளர்கள் உங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். மதிலில் இருந்த பையன்கள் ஊளையிட்டார்கள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் நான் பக்கத்தில் நின்றேன். உங்கள் காது சிவந்திருந்தது. கை மட்டும் காற்சட்டையின் ஓரத்தைக் கீழே கீழே இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தது. உங்களுக்கும் வெட்கமாக இருந்ததா? அன்று வீட்டுக்குப் போய் அழுதீர்களா? கேட்க நினைத்து நினைத்து நாற்பது வருடம் போய்விட்டது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எதிரணி ஓடியது, நாங்கள் பின்னால் ஓடினோம். முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ரிஸ்வியா கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. எங்கள் முதல் இரண்டு புள்ளிகள். நீங்கள் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவந்து அவளை அப்படியே தூக்கிச் சுற்றினீர்கள். நடுவர் விசிலை ஊதினார். ஆட்டம் நடக்கும்போது பயிற்றுவிப்பாளர் உள்ளே வருவது குற்றமாம். தண்டனையாக எதிரணிக்கு, ஒன்றுக்கு ஒரு புள்ளியாக, இரண்டு எறிகள் கொடுத்தார். இரண்டும் விழுந்தன. நாங்கள் எடுத்த இரண்டுக்கும் அதற்கும் சரியாகிப்போனது. கணித டீச்சர் அல்லவா, நீங்களே முதலில் கணக்குப் பார்த்துத் தலையில் கைவைத்தீர்கள்.

அப்போதுதான் வேலிக்கு அப்பால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா. வேலையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் வந்திருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. ஆசிரியை ஒருவர் காற்சட்டையோடு பொது இடத்தில் நின்றாராம் என்று பெற்றோர் சிலர் அதிபரிடம் போய்விட்டார்கள். அதிபர் உங்களைக் கூப்பிட்டு, சேலை கட்டு, இல்லாவிட்டால் அணியைக் கலைத்துவிடு என்றார். சேலை கட்டினால் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குப் போய்விடும், நான் போய்விடுவேன், நாலு பேரை வைத்துக்கொண்டு ஆட முடியாது. நீங்கள் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பலகையில் ஒரு கணக்கைப் பிழையாகச் செய்தீர்கள். அதை வைத்துத்தான் எங்களுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

அதிபர் சொன்னது எப்படியோ நகரசபைவரை போய்விட்டிருக்கிறது. மறுநாள் காலை அப்பா வேட்டி சட்டையோடு அதிபரின் அறைக்குள் போனார். ஜன்னலுக்குக் கீழே நானும் ரிஸ்வியாவும் குந்தியிருந்து கேட்டோம்.

"அந்தம்மா கால்சட்டை போட்டது என் பேச்சாலங்க. குத்தம்னா என்னைய சொல்லுங்க. அவங்க சேலையே கட்டட்டும். எம்புள்ள ஆடும்."

அவர் வெளியே வந்தபோது நீங்கள் வாசலில் நின்றீர்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கும்பிட்டுக்கொண்டீர்கள். அடுத்த வருடம் நாங்கள் ஓர் ஆட்டத்தில் வென்றபோது, தன்னோடு வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் அப்பாதான் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். என்னமோ அவர் எறிந்த பந்து மாதிரி.

இப்போதைய செய்தி கேளுங்கள். ரிஸ்வியா பாட்டியாகிவிட்டாள், பேரனுக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுக்கப் போய்த் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. உங்கள் செத்தவீட்டுக்கு எங்கள் ஐவரில் நாலு பேர் வந்தோம், ஒருத்தி கனடாவிலிருந்து போனில் அழுதாள். சாவகச்சேரியிலிருந்து வந்த உங்கள் தம்பி, நாங்கள் உங்களுக்கு என்ன முறை என்று விசாரித்தார். ரிஸ்வியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நாங்க எல்லாம் டீச்சர்ட புள்ளைகள்" என்றாள். அவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா கலியாணமே கட்டேல்லையே" என்றார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாடசாலை அணிக்கு இப்போது பயிற்றுவிப்பாளர் இல்லை. இருந்த பெண் கல்யாணமாகி டோஹாவுக்குப் போய்விட்டாள். கூட்டம் முடிந்ததும் இப்போதைய அதிபர் என்னைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலி என்றேன். "நீங்க ஓட வேணாம் அக்கா, கத்தினாப் போதும்" என்றார். பதினாலு பிள்ளைகள் டீச்சர். அதில் ஏழு பேர் எப்போதும் ஓரத்துப் பெஞ்சில்தானாம், ஓர் ஆட்டத்திலும் இறக்கியதே இல்லையாம். இவள் ஆடுவாள், இவள் ஆடமாட்டாள் என்று நீங்கள் எங்களைப் பிரித்துப் பார்த்ததே இல்லை. ஐந்தே பேரை வைத்துக்கொண்டு பிரிக்கவும் முடியாது, அது வேறு கதை.

வெல்வோம் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். பொய் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பதினாலு பேரில் ஒருத்தியும் வியர்க்காத சட்டையோடு வீட்டுக்குப் போகமாட்டாள். அது என் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை தொடங்குகிறேன்.

நீங்கள் பெறாமல் பெற்ற மூத்தவள்,
மஹய்யாவ மாணிக்கத்தின் மகள் சாந்தி