மண்வெட்டி நட்ட வருஷம்

1719, ஏப்ரல் 4

காலையிலிருந்து மழை. மழையிலும் வைக்கோல் புரி திரித்தோம், நானும் கெய்க்கேயும். புதுக் களிமண் மேல் வைக்கோலைப் பரப்பிப் புரியால் தைத்து வைத்தால்தான் அலை மண்ணை நக்கிக்கொண்டு போகாது. மதகிலிருந்து பக்கத்து நிலத்துக்காரர் ஹாரோவின் எல்லைக்கல் வரை கடலணை எங்கள் பங்கு, அதைக் காப்பது எங்கள் பொறுப்பு. என் புருஷன் நோமன் இருந்தபோது அது இவ்வளவு நீளமாகத் தெரிந்ததில்லை.

நோமனும் டாடேயும் போன பிறகு இது இரண்டாவது வசந்தம். கிறிஸ்துமஸ் வெள்ளத்தில் மாடுகளை அவிழ்த்துவிடப் போன அப்பனும் மகனும் மாடுகளோடேயே போனார்கள். மிச்சம் நான், மாமனார் வோல்க்கர்ட், வேலைக்காரி கெய்க்கே, சில ஆடுகள். மாடு இல்லை, அதனால் வறட்டி இல்லை. அடுப்பில் ஈர நாணல் புகைகிறது. மாமனார் இருமிக்கொண்டே, "இந்த வீட்ல இப்ப நிறைய இருக்கிறது புகைதான்" என்றார்.

முதுகு நிமிரவில்லை. இதைக்கூடக் குனிந்துதான் எழுதுகிறேன்.

ஏப்ரல் 11

கடல் ஓதம் ஏறியது. இறங்கியது. புரி நின்றது. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 25

அணையைப் பார்வையிடும் நாள். அணை நீதிபதி குதிரையிலிருந்து இறங்காமலே தடியால் குத்திப் பார்த்தார். தடி உள்ளே போனது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"மாரின், உன் பங்கு பக்கத்துப் பங்கைவிடத் தாழ்வா இருக்கு. புயல் காலம் வர்றதுக்குள்ள ஏத்திடணும்."

"ஆள் இல்லைங்க ஐயா."

"கடலுக்கு அது தெரியாதும்மா."

கெட்ட மனிதர் இல்லை. சொல்லும்போது குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த பங்குக்காரர் ஹாரோ ஊரே கேட்கும்படி, "இவ பங்கு உடைஞ்சா மிதக்கப்போறது என் மாடு" என்றார். உண்மைதான். அதுதான் ஆத்திரம்.

மே 2

ஹாரோ ஒரு பாலாடைக்கட்டியோடு வந்தார். துவைத்த சட்டை. மனைவி போய் மூன்று வருஷமாகிறது அவருக்கு.

"ரெண்டு பங்கையும் ஒண்ணாக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது, மாரின்."

பேசும்போதே ஜன்னல் வழியாக எங்கள் மேட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முரட்டு மனிதர், ஆனால் பொய் சொல்லாதவர். அந்த வயல் அவருக்குப் பிடித்திருக்கிறது. என்னையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அவ்வளவுதான்.

அவர் போனதும் மாமனார், "கட்டிக்கோ. நிலமாவது நிக்கும்" என்றார்.

"மாமா, உங்க மகன் இடத்துல..."

"என் மகன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். குழி வெட்டினவன் நான்தானே."

பாலாடைக்கட்டி மேசையில் இருந்தது. கெய்க்கே அதை வெட்டித் தட்டில் வைத்தாள். பசிதான். தின்றோம்.

மே 3

பதில் தெரிந்துதான் இருக்கிறது. சொல்லத்தான் தெம்பில்லை.

மே 20

வெள்ளத்தில் அணையில் விழுந்த பெரிய உடைப்பை அடைக்க மேட்டுநாட்டிலிருந்து மண் வெட்டும் கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது. அணை நெடுக அவர்களுடைய தள்ளுவண்டிகளின் கிறீச்சொலி. அவர்களில் மெல்ஃப் என்று ஒருவன், தன் வேலை முடிந்ததும் ஒரு வண்டி களிமண்ணை எங்கள் பங்கில் கொண்டுவந்து கொட்டினான்.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் கெய்க்கே.

"யாரும் கேக்கல. கால் தானா வந்திருச்சு."

"கால் வந்தா சரி. கூடவே வாய் எதுக்கு வந்துச்சு?"

அவனுடைய தம்பிகள் இருவரும் கொக்கரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கன்னம் வலித்தது.

பார்லி மஞ்சளாக முளைத்திருக்கிறது. மண்ணில் உப்பு இன்னும் போகவில்லை. கிணறும் கரிக்கிறது. மழைநீர்த் தொட்டியை நம்பித்தான் இருக்கிறோம்.

ஜூன் 7

போச்சு. எல்லாம் போச்சு. மூணு நாள் மழையில அணையோட உள்பக்கம் அப்படியே வழுக்கி இறங்கிருச்சு. பனிக்காலத்துலேர்ந்து நானும் கெய்க்கேயும் சுமந்த மண்ணு. தைச்ச புரி, அடுக்கின புல்கட்டி எல்லாம் கீழே சாணி மாதிரி குவிஞ்சு கிடக்கு. நான் அதுக்குள்ள முழங்கால்வரை நின்னேன். அழக்கூட வரல. கெய்க்கேதான் இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

யாருக்காக இதைச் செய்கிறேன்? டாடே இருந்தால் அவனுக்கென்று சொல்லலாம். நோமனுக்கென்றால் அவன் கேட்கப் போவதில்லை. மாமனாருக்கா? அவருக்கு இன்னும் எத்தனை வருஷம்? நிலத்துக்கா? நிலம் என்னை ஒரு நாளும் "போதும், உட்கார்" என்று சொன்னதில்லை.

ஜூன் 9

ஹாரோவிடம் முதலில் சொன்னேன். "மாட்டேன், ஹாரோ."

"ஏன்?"

"இன்னொரு பங்கையும் சேர்த்துச் சுமக்க என்னால முடியாது."

"நியாயம்தான்" என்றார். போய்விட்டார்.

பிறகு மாமனாரிடம், மண்வெட்டியை நடப்போகிறேன் என்றேன். இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அது. பங்கைக் காக்க முடியாதவர் தன் மண்வெட்டியை அணையில் நட்டுவிட்டு உடுத்திய துணியோடு நடக்க வேண்டும். அதைப் பிடுங்குகிறவருக்கு நிலம், வீடு, ஆடு, பானை, சட்டி எல்லாம் சொந்தம். அணையின் பங்கும் அவர் தலையில்.

கத்துவார் என்று நினைத்தேன். "எங்க போவே?" என்று மட்டும் கேட்டார்.

"மேட்டுநாட்டுல அண்ணன் இருக்காரே. ஒரு மூலை குடுப்பார். நீங்களும் வாங்க."

"மணல் நாட்டுலயா? அங்க கடல் சத்தம் கேக்காதே. எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

ஜூன் 11, ஞாயிறு

கோயில் முடிந்து ஊர் அணை மேல் நின்றது. நட்டேன். இரும்பு சுலபமாக உள்ளே போனது. எவ்வளவு தளர்ந்த மண் என்று அதிலும் தெரிந்துபோனது.

எல்லாரும் என் நிலத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒருவரும் கை நீட்டவில்லை. ஹாரோ மண்வெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேட்டு வயலைப் பார்த்தார், சரிந்த மண்ணைப் பார்த்தார். "எனக்கு என் பங்கே போதும்" என்று கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறுவரை பொறுப்பதாக நீதிபதி சொன்னார். யாரும் பிடுங்காவிட்டால் பங்கு ஊருக்கு. ஊர் என்றால் அக்கம்பக்கத்தார் முதுகுக்கு. வீடு திரும்பும்போது யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

கெய்க்கேயும் முகம் கொடுக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையாம்மா? வெள்ளத்தன்னிக்குக் கூரையில நாம ரெண்டு பேரும் ஒரே போர்வையிலதானே கிடந்தோம்."

தோன்றவில்லை. அதுதான் உண்மை.

ஜூன் 14

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் வண்டிகள் நின்றுவிட்டன. சத்தம் நின்றதால்தான் வெளியே போய்ப் பார்த்தேன். அணை மேல் கெய்க்கே. பின்னால் மெல்ஃபும் தம்பிகளும். நீதிபதிக்கு ஆள் போயிருந்தது. அவரும் வந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஓடினேன்.

"வேண்டாம்டி. இது ஆளைத் தின்னும். என்னைப் பாரு."

"பாத்துக்கிட்டேதான்மா இருக்கேன், இத்தனை வருஷமா."

"நிலம்னு ஏமாறாத. இது வெறும் மண்ணு, தண்ணி, முதுகுவலி."

"உங்களுக்கு அப்படி. பத்து வயசுலேர்ந்து நான் அடுத்தவங்க வீட்டுக் கதவைத்தான் சாத்திக்கிட்டு இருக்கேன். ஒரு தடவை என் கதவைச் சாத்திப் பாக்கணும்."

நீதிபதி, "வேலைக்காரப் பொண்ணு நீ. எதை வெச்சு அணையைக் காப்பே?" என்றார்.

கெய்க்கே திரும்பி மெல்ஃபைப் பார்த்தாள். "நான் இவனைக் கட்டிக்கப் போறேன். இவனுக்கு ரெண்டு தம்பி. எட்டுக் கை இருக்கு. எண்ணிப் பாருங்க."

கூட்டத்தில் யாரோ, "மெல்ஃபு, உனக்கு இது தெரியுமாடா?" என்றான்.

"இப்பத்தான் தெரியும்" என்றான் மெல்ஃப். காதுவரை சிவந்திருந்தான். இடத்தை விட்டு நகரவில்லை.

அவள் இரண்டு கையாலும் பிடுங்கினாள். நீதிபதி தொப்பியை எடுத்தார். எடுக்க வேண்டுமே, நிலத்துக்காரி ஆயிற்றே. ஹாரோவும் எடுத்தார். தலையில் துணி கட்டிய நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.

ஜூன் 15

காலையில் மாமனார் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பாதையில் போய் உட்கார்ந்துவிட்டார். சட்டப்படி வீட்டில் இருக்கக் கூடாதாம். காற்றில் தாடி பறக்கிறது, நகரமாட்டேன் என்கிறார்.

கெய்க்கே போய் எதிரில் நின்றாள். "பெரியவரே, உடுத்தின துணியோடதானே போகலாம்?"

"ஆமா."

"அப்ப இந்த நாற்காலி என்னுது. கொண்டுவந்து உள்ளே போடுங்க."

நெடுநேரம் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை உள்ளே கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டார். போட்டவர் அதிலேயே உட்கார்ந்தார்.

நான் துணி மூட்டையோடு வாசலில் நின்றிருந்தேன். "நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள்.

"அண்ணன் வீட்டுக்கு."

"உங்க அண்ணன் பொண்டாட்டி உங்களை மாவு அரைக்க விட்டே கொன்னுருவா. இங்கேயே இருங்கம்மா. நான் அணைக்குப் போனா வீட்ல அடுப்பு யாரு பாக்குறது? சட்டம் நிலத்தைப் பத்தித்தான் பேசுது. என் வீட்ல யாரு சோறு திங்கணும்னு அது சொல்லல."

"சரிங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளுக்கு முகம் என்னவோ போலாகிவிட்டது. "அந்த 'ங்க' வேண்டாம்மா. வழக்கம்போலத் திட்டிக்கிட்டே இருங்க."

இதுவரை அவள் படுத்த, சுவருக்குள் பதித்த கட்டிலில் நான் படுக்கிறேன். குட்டை. கால் நீட்ட முடியவில்லை.

ஜூலை 2

கல்யாணம் முடிந்தது. மெல்ஃபின் தம்பிகள் தின்றதைப் பார்த்தால் பார்லி போதாது.

அக்டோபர் 19

வடமேற்குக் காற்று. என்னையறியாமல் பூட்ஸை மாட்டிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டேன். போன பிறகுதான் நினைவு வந்தது, அது என் பங்கில்லை. அங்கேயே நின்றேன். திரும்பவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. மேலே மெல்ஃப் என்னைப் பார்த்துக் கையசைத்தான், போங்க போங்க என்று. எல்லாருக்கும் தெரியும்படி வீட்டுக்கு நடந்தேன். ஹாரோ வேலியில் சாய்ந்து நின்றார். "எப்படி இருக்கு, சும்மா இருக்கிறது?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"இன்னும் பழகல" என்றேன்.

1720, மார்ச் 3

மாமனார் போய்விட்டார். நாற்காலியிலேயே. கெய்க்கே என்னைவிட அதிகம் அழுதாள். அவர் கடைசிவரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, "நிலத்துக்காரி" என்றுதான். அதில் எவ்வளவு கேலி, எவ்வளவு மரியாதை என்று யாருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 6

கெய்க்கேவுக்குப் பெண் குழந்தை. நல்ல தொண்டை.

1721, ஜனவரி 1

புயல் நேற்றுப் பொழுது விடியும்போதே தொடங்கியது. அபாய ஊதல் கேட்டதும் எல்லாரும் ஓடினார்கள், மெல்ஃப், தம்பிகள், கெய்க்கே. பிள்ளை பெற்ற உடம்பு, போகாதே என்றேன். "பங்கு என் பேர்ல இருக்கும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

நான் போகவில்லை. என்னைப் போகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். அது தூங்கிவிட்டது. வெட்கத்தோடு எழுதுகிறேன், கொஞ்ச நேரத்தில் நானும் அதன் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன். அந்தக் காற்றில். அந்த இரைச்சலில். அப்படி ஒரு தூக்கம் பல வருஷமாக இல்லை.

இன்று காலை வெளிச்சம் வந்த பிறகு கெய்க்கே வந்தாள். உச்சி முதல் பாதம் வரை களிமண். முக்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "நின்னுடுச்சும்மா" என்றாள், கண் திறக்காமல். "கொஞ்சம் சரிஞ்சிருக்கு. நாளைக்கே ஆரம்பிக்கணும்." அவளுக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. சாய்ந்த முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும்.

மண்வெட்டியைப் பிடித்த கைகள் மடங்கியபடியே விறைத்திருந்தன. வெந்நீர் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டேன். அவள் தூக்கம் கலையவில்லை.