கன்னத்துக் கோடுகள்

மார்ச் 4
பிரார்த்தனை முடிந்ததும் தூரிகையைத் தொட்டேன். இன்று இடது கன்னம். பழைய எண்ணெய் ஓவியம் ஒன்றின் அச்சுப்படம்தான் என் வாத்தியார். நீலச் சால்வை போர்த்திய இளம்பெண். படத்திலும் கேன்வாஸிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நகலெடுக்கிறேன். முகம் முழுக்க மயிரிழைக் கோடுகள். ஒன்றையும் விடவில்லை. வீட்டுக் கணக்கில் தீப்பெட்டியைக்கூட விடாதவள், இதிலா விடுவேன்?

மார்ச் 11
மாடியில் குடியிருக்கும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, சின்னப் பொண்ணுன்னீங்க, கிழவியால்ல இருக்கா!"
இருக்கட்டுமே. அங்கே உள்ளதுதான் இங்கும்.

மார்ச் 12
என் வீட்டுக்காரருக்கு ஜன்னல் அறை வேண்டுமாம், கட்டிலும் டிவியும் போட. "விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டு. நல்லா இல்லைன்னா அறையைக் காலி பண்ணிடு" என்றார். வெளிச்சம் விழும் அறை அது ஒன்றுதான். அது போனால் வரைவதும் போச்சு.
காட்டலாம் என்றேன். எனக்கென்ன பயம்?

மார்ச் 15
படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் முன்பு ஓவியராக இருந்தவர். அச்சுப்படத்தையும் என் கேன்வாஸையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அம்மா, இது அந்தப் பொண்ணு மூஞ்சில இருக்கற கோடு இல்ல. பெயிண்ட் பழசாகி வெடிச்சது. வெடிப்பையும் சேத்து வரைஞ்சிருக்கீங்க."
கூட வந்த என் வீட்டுக்காரர் கடை அதிரச் சிரித்தார். "கேட்டாச்சில்ல? மூட்டையைக் கட்டு."
கட்டமாட்டேன் — எதுக்குச் சிரிப்பு? வெடிப்பு வேற, முகம் வேறன்னு எனக்கு யார் சொல்லிக் குடுத்தா? கடவுளே, உனக்குத் தெரியும், நான் சோம்பேறி இல்ல.

மார்ச் 16
கட்டில் வந்து இறங்கியது. அறை வாசலில் நின்றுகொண்டேன். "நல்லா இல்லைன்னு கடைக்காரர் சொல்லலீங்க. வெடிப்புன்னுதான் சொன்னாரு. அதை எடுத்துட்டா முகம் இருக்கு. முகத்தைப் போட்டுட்டுப் பேசறேன்."
கட்டில் கூடத்தில் கிடக்கிறது.

மார்ச் 17
முழுவதையும் சுரண்டிவிட்டேன்.

ஏப்ரல் 2
அச்சுப்படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கோடுகள் மறைந்துவிடுகின்றன. அடியில் எத்தனை நிறம்! தாடை நிழலில் பச்சை. முகத்தில் பச்சையா? ஆமாம், பச்சைதான். கருப்பைத் தொடாமலே நிழல் விழுகிறது. வரைந்தவன் எப்போதோ செத்துப்போனான். அவன் கை எங்கே திரும்பியது என்று இன்று தெரிந்தது. எங்கள் இருவருக்கும் கண் கொடுத்தவனை வணங்கினேன்.

ஏப்ரல் 20
வந்துவிட்டாள். இளமையாக. என் வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, டிவியைக் கூடத்துக் கட்டிலுக்கு எதிரே வைக்கப் போனார்.

ஏப்ரல் 27
நாத்தனார் பவுடர் பூசிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அச்சுப்படம் இல்லை, கட்டம் இல்லை, உயிருள்ள முகம்.
"அண்ணி, கண்ணுக்குக் கீழ இருக்கற கோடெல்லாம் வேணாம். வெடிப்புன்னு நெனச்சு விட்டுடுங்க."
"வாயை மூடு, தாடை ஆடுது" என்றேன்.
அவற்றையும் போட்டேன்.