மதியம் பன்னிரண்டு மணி யாருக்கு?

வெஸ்லின், நெப்ராஸ்கா
பிப்ரவரி 3, 1997

என் மார்னிக் கண்ணுக்கு,

அம்மா நலம். அவள் பொறுமையைச் சோதித்துக்கொண்டு நானும் நலம்.

டாலஸிலிருந்து உன் கம்பெனி அனுப்பிய ஒப்பந்தம் வந்தது. பாதி புரியவில்லை, புரிந்த பாதி பிடிக்கவில்லை. உன் பேச்சு நிகழ்ச்சியை நம் ரேடியோ ஸ்டேஷனுக்குச் சும்மா தருவார்களாம், பதிலுக்கு அவர்கள் விளம்பரங்களை நான் ஓட்ட வேண்டுமாம். அது எல்லாக் கம்பெனியும் செய்வதுதான். ஆனால் நிகழ்ச்சி மதியம் பன்னிரண்டுக்கு நேரலையாகவே போக வேண்டும் என்கிறார்கள். அங்கேதான் இடிக்கிறது.

ஊரே டிராக்டரை நிறுத்திவிட்டுச் சாண்ட்விச்சைப் பிரிக்கிற நேரம் அது. முதலில் சாவு அறிவிப்பு, அப்புறம் சோள விலை, அப்புறம் காணாமல் போன நாய்கள். உன் நிகழ்ச்சியைப் போட்டால் நான் செத்த சேதியே ஒருத்தருக்கும் தெரியாது. அடக்கத்துக்கு யார் வருவார்கள்?

மாலை ஏழு மணி தருகிறேன். பதிவு செய்து போடுகிறேன். கோபப்படாதே. அம்மா பழம் வைத்த கொலாச்சி பன் சுட்டு அனுப்புகிறாள். அதற்கு ஒப்பந்தம் கிடையாது.

உன் அப்பன்,
ஆர்லின் டோஸ்டல்

டாலஸ்
பிப்ரவரி 14, 1997

அன்புள்ள அப்பா,

கொலாச்சி வந்தது. அம்மாவுக்கு முத்தம். உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

ஏழு மணிக்கு ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மதியம் நேரலையாகப் போடும் ஸ்டேஷன்களைத்தான் இங்கே கணக்கில் சேர்ப்பார்கள். மே மாதத்துக்குள் போதுமான ஸ்டேஷன்கள் சேராவிட்டால் என் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள். நேற்றுக் கூட்டத்தில் மேலாளர் கென்ட்ரிக், "என்னம்மா, பெத்த அப்பனே உன்னை வேணாங்கிறாராமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் கம்பெனியின் பிரிக் ஹாலரனுக்குக் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷக்கணக்காகக் கொடுக்கிறீர்கள். மேசையைக் குத்திக் குத்திக் கத்துகிறவன்! உங்கள் வண்டியில் அவன் குரல் வந்தால் நீங்களே சத்தத்தைக் குறைக்கிறீர்கள். அவனுக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. அப்படித்தானே?

நீங்கள் மறுத்தால் பிரிக்கையும் பிடுங்கி, எங்கள் இருவரையும் ஆற்றுக்கு அந்தப் பக்க ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிடுவார்களாம். உங்களிடம் சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

மார்னி

வெஸ்லின்
மார்ச் 2, 1997

கண்ணு,

நீ கேட்டது சுருக்கென்று தைத்தது. எனக்குப் புத்தி எப்போதும் தபாலில்தான் வரும், அதுவும் தாமதமாக.

செவ்வாய்க்கிழமை பிரிக்கைப் போடாமல் போல்கா இசைத்தட்டுகளை ஓட்டினேன். யார் கேட்கிறார்கள் என்று பார்க்க. க்ளெம் நோவோட்னி ஒருவன்தான் போன் செய்தான். "ஏம்ப்பா ஆர்லின், காலையிலேருந்து யாரும் என்னைத் திட்டவே இல்லையே, உன் டவர் விழுந்துடுச்சா?" என்றான். அதற்குமேல் ஒரு குரல் இல்லை.

வியாழக்கிழமை நான் ஸ்டுடியோவில் காப்பியைக் கொட்டி ஒலி மிக்சரை அணைத்ததில் சாவு அறிவிப்பு கொஞ்சம் பிந்திவிட்டது. போன் ஓயவே இல்லை. "யாரு செத்தா? யாருன்னு சொல்லுய்யா!" அதில் ஒரு அம்மாள், நானே போய்விட்டேன் என்று நினைத்து அம்மாவுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

ஒப்பந்தத்தோடு வந்த உன் நிகழ்ச்சி ஒலிநாடாவை வண்டியில் போட்டுக் கேட்டேன். எதிரில் பேசுகிறவர் முடிக்கும்வரை நீ காத்திருக்கிற இடமெல்லாம் அருமை. கத்துகிற இடங்களில் நீ இல்லை, கென்ட்ரிக்தான் இருக்கிறார்.

ஆகவே பிரிக் வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். அவர்களாகப் பிடுங்குமுன் நானே வெளியே வைத்துவிட்டேன். அவனுடைய ஒன்பது மணி உனக்கு. முந்தின நாள் நிகழ்ச்சியை மறுநாள் காலை போடுகிறேன். மகள் என்பதற்காக இல்லை, நன்றாக இருப்பதற்காக. பன்னிரண்டு மணியை மட்டும் ஜனாதிபதியே வந்து கேட்டாலும் தரமாட்டேன்.

அப்பா

டாலஸ்
மார்ச் 20, 1997

அப்பா,

மறுநாள் காலை என்பதைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஏப்ரல் ஏழாம் தேதி திங்கட்கிழமை முதல் ஆற்றுக்கு அந்தப் பக்க ஸ்டேஷனில் வருகிறேன். மதியம் பன்னிரண்டுக்கு. உங்கள் சாவு அறிவிப்புக்கு நேர் எதிரே.

"மைக்குல கொஞ்சம் சூடு வேணும்மா, சாது மாதிரி பேசாதே" என்றார் கென்ட்ரிக். முடியாது என்றேன். "அப்பனுக்கு ஏத்த பொண்ணுதான்" என்றார். ஆமாம் என்றேன்.

அதனால் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. உங்கள் ஆட்களை ஒவ்வொருவராக இழுப்பேன்.

உங்கள் மகள்,
மார்னி

வெஸ்லின்
ஏப்ரல் 7, 1997

மார்னிக் கண்ணு,

இழு பார்க்கலாம். காலை ஒன்பது மணிக்கு இப்போது நானே உட்காருகிறேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவது போல என் குரல். ஆனாலும் ஊர் பொறுத்துக்கொள்கிறது. க்ளெம் மட்டும் தன்னைத் திட்டச் சொல்லி போன் செய்கிறான். திட்டுகிறேன்.

இன்று பன்னிரண்டுக்கு ஹில்டா க்ரூலிஷ் அம்மாள் சாவைப் படித்தேன். நாளைக்கு அடக்கம். விதைக் கம்பெனி விளம்பரத்தை ஓடவிட்டு வீட்டுக்கு போன் போட்டேன். அம்மாவுக்குப் பின்னால் இரண்டு ரேடியோ சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது. ஒன்றில் என் விதை விளம்பரம். மற்றதில் யாரோ ஒரு பெண் தன் புருஷனைப் பற்றி அழுதுகொண்டே சொல்ல, நடுநடுவே நீ "ம்" மட்டும் போட்டுக்கொண்டிருந்தாய்.

"ரெண்டும் சேர்ந்தா எதுவும் புரியாதே பெர்னடின், ஒண்ணைக் குறை" என்றேன்.

"எதைன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

விளம்பரம் முடியப்போகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அது முடிய இன்னும் நேரம் இருந்தது.

அப்பா